டம்ளரைத் தேடும் கை

2007-இல் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு வந்தபோது என் பையில் நான்கு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. நான்கிலும் ஒரே கதை, பக்கத்துக்குப் பக்கம் வசனம். அதைத் திரைக்கதை என்றே நம்பியிருந்தேன். சாலிகிராமத்தில் ஊர்க்காரர் ஒருவரின் அறையில் ஐந்தாவது ஆளாகப் பாய் விரித்துக்கொண்டேன். யாராவது ஒருவர் அந்த நோட்டுகளை வாங்கிப் படித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்பது அன்றைய எண்ணம்.

கதை அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா எட்டு வயதில் தீப்பெட்டி ஆலைக்குப் போனவர். விடியற்காலை மூன்றரை மணிக்கு ஆலை பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி, தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். சின்ன விரல்கள் தீக்குச்சிகளைச் சட்டத்தில் வேகமாக அடுக்கும் என்பதுதான் காரணம். அந்த பஸ்ஸை ஓட்டியவர் யார், அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று சிறுவயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்த ஓட்டுநரை நானே உருவாக்கினேன். 1980-களின் தொடக்கம், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றுகிற ஓட்டுநரின் சொந்த மகளுக்கு எட்டு வயது ஆகிறது. இதுதான் கதை.

பெரியவரிடம் என்னை அழைத்துப் போனவர் அறையில் உடன் இருந்த உதவி ஒளிப்பதிவாளர். பெரியவர் நாடகக் குழுக்களில் தொடங்கி எழுபதுகளில் சினிமாவுக்கு வந்த வசனகர்த்தா. பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் பெரியவர் என்றே எழுதுகிறேன். அப்போது அவருக்குக் கண்புரை முற்றியிருந்தது. காலையில் செய்தித்தாள் வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஏழு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் வாசிப்பேன். தலையங்கம், வழக்குச் செய்தி, ஊர்ச் செய்தி எல்லாம் வேண்டும். சினிமாச் செய்தியை மட்டும் தள்ளிவிடச் சொல்வார்.

கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வாசலில் நிற்பவர்கள் அந்தத் தெருக்களில் நூற்றுக்கணக்கானோர். ஒரு மூத்த எழுத்தாளருக்கு உண்மையில் தேவைப்படுகிற ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டு உள்ளே இருப்பது வேறு. நான் செய்தித்தாள் வாசித்தேன். என் நண்பன் ஒருவன் இன்னொருவருக்குக் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தான். கதை இருக்கிறது, கேளுங்கள் என்று முதல் நாளே சொல்லாதீர்கள். நான் நாற்பது நாள் வாய் திறக்கவில்லை. நாற்பத்தோராவது நாள் அவரே கேட்டார்: "பையில் என்ன தம்பி, தினமும் சுமந்துகொண்டு வருகிறாய்?"

நோட்டுகளை நீட்டினேன். வாங்கவில்லை. "எனக்குக் கண் தெரியாது. சொல்லு" என்றார்.

அம்மா, அதாவது அவருடைய மனைவி, டவரா டம்ளரில் காபி கொண்டுவந்து அவருடைய வலக்கைப் பக்கம் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். நான் நாற்பது நிமிடம் சொன்னேன். எங்கெங்கே அழ வேண்டும் என்று நினைத்து எழுதியிருந்தேனோ அங்கெல்லாம் என் குரல் தழுதழுத்தது. முடித்ததும் அவர் நல்லது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "என் கை எத்தனை முறை டம்ளரைத் தேடியது என்று பார்த்தாயா?"

நான் பார்க்கவே இல்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறு முறை. அந்த ஆறு இடங்களிலும் உன் கதையை விட்டுவிட்டுக் காபிக்குப் போனேன். அந்த இடங்கள் எவை என்று கண்டுபிடித்துக்கொண்டு வா."

எத்தனையோ புத்தகங்களும் வகுப்புகளும் பிறகு வந்தன. இந்த ஒரு பாடத்துக்கு இணையாக எதையும் நான் சொல்ல மாட்டேன். கேட்பவர் நாகரிகம் கருதி நன்றாக இருக்கிறது என்பார். அவருடைய கை பொய் சொல்லாது. கைபேசியைத் திருப்பிப் பார்ப்பார், காலை மாற்றிப் போடுவார், விசிறிக் காற்றைப் பற்றி ஏதாவது சொல்வார். அந்தக் கணம் எந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் நிகழ்ந்தது என்பதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் அப்போதே குறித்தால் அவர் விழித்துக்கொள்வார்.

மூன்று மாதம் பேனாவைத் தொடக்கூடாது என்று சொன்னார். வாயால் மட்டும் சொல்ல வேண்டும், அதுவும் சினிமாக்காரர் யாருக்கும் சொல்லக்கூடாது. டீக்கடை மாஸ்டருக்குச் சொன்னேன். எதிர்க் கட்டடத்தின் இரவுக் காவலருக்குச் சொன்னேன். வீட்டுக்கார அம்மாள் மாடியில் வற்றல் காயப்போட வந்தபோது அவருக்குச் சொன்னேன். பாதியில் அவர் நிறுத்தி, "அந்தப் பிள்ளையின் அம்மா அப்போது எங்கே போயிருந்தாள்?" என்று கேட்டார். நான்கு நோட்டுகளில் ஓட்டுநரின் மனைவிக்கு மூன்றே இடத்தில்தான் வேலை இருந்தது, மூன்றிலும் அழுதாள். மகளை ஆலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் கதையே. அதில் பெற்றவளுக்கு ஒரு கருத்தும் இல்லாமல் எழுதி வைத்திருந்தேன். கையில் வற்றல் தட்டோடு நின்ற ஒருவர் அதை ஒரே கேள்வியில் காட்டிவிட்டார். இன்றைய பிரதியில் மகளை அனுப்பிவிடலாம் என்று சொல்கிறவளே அவள்தான். கடன் கணக்கு அவளிடம் இருக்கிறது. தடுக்க நினைக்கிறவன் ஓட்டுநர். ஆனால் அவன் தினமும் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றுகிறவன், எந்த வாயால் தடுப்பான்? கதைக்கு உயிர் அங்கேதான் வந்தது.

வாயால் சொல்லிப் பழகும்போது இன்னொன்றும் பிடிபட்டது. நான் அடிக்கடி 'அதாவது' என்றேன். 'என்னவென்றால்' என்றேன். பெரியவர் விரல் மடக்கி எண்ணுவார். 'அதாவது' வருகிற இடத்தில் காட்சி இல்லை, காட்சி இல்லாததால் நான் விளக்குகிறேன். 'அவன் மனதுக்குள் நினைக்கிறான்' என்று சொன்னால், "கேமராவை எங்கே வைப்பது, அவன் நெஞ்சுக்குள்ளா?" என்று கேட்பார். புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் கதையைக் கைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எத்தனை 'அதாவது' என்று எண்ணினால் எத்தனை காட்சி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மூன்று மாதம் கழித்துத்தான் தாள் எடுத்தோம். பழைய முறை அது: முழுத்தாளை நெடுக்காக நடுவில் மடிக்க வேண்டும், இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது. இடப்பக்கத்தை முழுக்க எழுதி முடிக்கும்வரை வலப்பக்கத்தில் ஓர் எழுத்துகூட விழக்கூடாது என்றார் பெரியவர்.

ஓட்டுநரும் மனைவியும் மகளை ஆலைக்கு அனுப்புவதைப் பற்றிப் பேசும் இரவுக் காட்சி. என் நோட்டில் அது ஆறு பக்க வாக்குவாதம். பெரியவர் கேட்டார்: "அந்த வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது, சொல்லு." கயிற்றுக் கட்டில், அரிக்கேன் விளக்கு, துணிக்கொடி, அடுப்பு, அவனுடைய காக்கிச் சட்டை, தூக்குச்சட்டி என்று அடுக்கினேன். "மகள் நாளைக்குப் போகப் போகிறாள் என்றால் இதில் எது மாறும்?" வெகு நேரம் யோசித்தேன். அன்று பதில் வரவில்லை. மறுநாள் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்தது. ஓட்டுநர் வேலை முடிந்து வருகிறான். திண்ணையில் அவனுடைய தூக்குச்சட்டியைக் கவிழ்த்து வைக்க வருகிறான். அங்கே ஏற்கனவே சின்னத் தூக்குச்சட்டி ஒன்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே மனைவி முறத்தில் அரிசி புடைக்கிறாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவ்வளவுதான். வலப்பக்கத்தில் ஒரே ஒரு வசனம் மிஞ்சியது, "என்ன விலை?" என்று அவன் கேட்பது. பதிலைக்கூடப் பெரியவர் அடித்துவிட்டார். "நான் வாங்கிய சம்பளத்தில் முக்கால்வாசி எழுதியதற்கு இல்லை தம்பி, அடித்ததற்கு" என்றார்.

அவருடைய இந்தச் சிக்கனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் எழுதிய காலத்தில் எல்லாம் 35 மி.மீ. ஃபிலிம். நொடிக்கு 24 சட்டகங்கள், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் நான்கரை நிமிடம்கூடத் தாங்காது. 1000 அடி என்றால் பதினோரு நிமிடம். ஒரு நீண்ட வசனத்தை நான் சொல்லி முடித்தால் அவர் "இது 45 அடி" என்பார், அதாவது அரை நிமிடம். நடிகர் மூன்று முறை தவறி நான்காம் முறை சரியாகச் சொன்னால் 180 அடி போய்விடும், அந்தச் செலவு எழுத்தாளனின் கணக்கில்தான் பேசப்படும். நான் உதவி இயக்குநராக வேலை பார்த்த முதல் படம் ஃபிலிமில் எடுக்கப்பட்டது, அடுத்தது டிஜிட்டல். அடிக்கணக்கு பார்க்க வேண்டிய தேவை போய்விட்டது. ஆனாலும் நான் இன்றும் வசனத்தை வாய்விட்டுப் படித்து நொடி எண்ணிப் பார்க்கிறேன், ஓரத்தில் அடிக்கணக்கைப் பென்சிலால் குறிக்கிறேன்.

சிறுகதைகளையும் அவர் இப்படித்தான் படிக்க வைத்தார். வாரம் ஒரு சிறுகதை. படித்துவிட்டுக் கதையைச் சொல்லக்கூடாது, அதில் கண்ணால் பார்க்க முடிந்த இடங்களை மட்டும் வரிசையாகச் சொல்ல வேண்டும். நல்ல கதைகள் பலவற்றில் அப்படி மூன்று நான்கு இடங்களுக்கு மேல் தேறாது. மற்றது எழுத்தாளரின் குரல், அதைத் திரைக்குக் கொண்டுவர முடியாது. புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து மகேந்திரன் 1979-இல் உதிரிப்பூக்களை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார் பெரியவர். குறுநாவலிலிருந்து படத்துக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு குறைவு என்று கண்டு எனக்கு அதிர்ச்சி. தழுவல் என்றால் சம்பவங்களை இடம் மாற்றுவது என்று நினைத்திருந்தேன். மகேந்திரன் எடுத்துக்கொண்டது தாய் போன பிள்ளைகளின் நிலைமையை மட்டும். அதற்கான ஊரையும் ஆற்றையும் மனிதர்களையும் அவரே கண்டுபிடித்தார். நாவல் ஒன்றைப் படமாக்க ஆசைப்படுகிற எவரும் இந்த ஒப்பீட்டை ஒருமுறை உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும்.

தமிழ் சினிமாவில் இந்த வித்தை பெரும்பாலும் ஆள்வழியாகத்தான் வந்திருக்கிறது. பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ், அவரிடமிருந்து பார்த்திபனும் பாண்டியராஜனும். பாலு மகேந்திராவிடமிருந்து பாலாவும் வெற்றிமாறனும். தரமணி திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர்கள் தனி வழி. எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை, அதனால் ஆள்வழிதான்.

2010-இல் ஓர் இணை இயக்குநரிடம் சேர்ந்தேன். எல்லோரும் அண்ணன் என்பார்கள், நானும். வளசரவாக்கத்தில் வாடகை வீடு ஒன்றில் கதை விவாதம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் இரவு எட்டு, ஒன்பது ஆகும். பாயில் ஆறு பேர். முதல் நான்கு மாதம் எனக்கு விவாதத்தில் பேச அனுமதி இல்லை, பேசுவதைக் குறித்துக்கொள்வதுதான் வேலை. தினப் பேட்டா 100 ரூபாய். நிராகரிக்கப்பட்ட யோசனைகளுக்கென்று தனி நோட்டு வைக்கச் சொன்னார் அண்ணன், யார் சொன்னார்கள், ஏன் வேண்டாம் என்றோம் என்ற விவரத்தோடு. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டிலிருந்துதான் படத்தின் கடைசிக் காட்சியே கிடைத்தது. அறையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நன்றாக இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. எந்த இடத்தில் நழுவியது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெரியவர் எனக்குக் காட்சியைக் கற்றுக்கொடுத்தார் என்றால், அந்தக் காட்சியை நாளைக்கு நூறு பேர் சேர்ந்து எடுக்க வேண்டும் என்பதை அண்ணன் கற்றுக்கொடுத்தார். முதலில் ஒன்லைன், அதாவது கதையின் சுருக்கம். பிறகு காட்சி வரிசை: எண், இடம், பகலா இரவா, யார் யார், என்னென்ன பொருள். ஒரு நாள் என் கதையின் காட்சி வரிசையை அவரிடம் கொடுத்தேன். விரலை வைத்து ஓரமாக இறங்கிக்கொண்டே போனார்.

"விடியற்காலை என்று 14 காட்சி எழுதியிருக்கிறாய். சூரியன் வருவதற்கு முன்னால் அந்த நீல வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியுமா?"

கோவில்பட்டிக்காரனான எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இருபது நிமிடம், கூடினால் இருபத்தைந்து. காலையில் ஒரு காட்சியின் ஒரு பகுதியை எடுக்கலாம். 14 காட்சி என்றால் இரண்டு வாரத்துக்கு மேல், அதுவும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. நான் 'விடியற்காலை' என்று ஒரு சொல் எழுதியிருந்தேன், அந்தச் சொல்லின் விலை பல லட்சம். மாற்றி எழுதினேன். நான்கு காட்சிகள் மட்டும் வெளியே. மற்றவை ஓடும் பஸ்ஸுக்குள், ஜன்னல்களில் தார்ப்பாய் இறக்கி விடப்பட்ட நிலையில். பிள்ளைகள் வெளியே பார்க்க முடியாது, பார்வையாளரும் பார்க்க முடியாது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் குலுங்கிக்கொண்டே போகிற இருட்டு. பணத்தை நினைத்துச் செய்த மாற்றம் கதையை முன்பைவிட இறுக்கமாக்கியது. தயாரிப்பின் தடையைக் கதைக்கு எதிரி என்று நினைத்துக் கோபப்படுகிற இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். ஒருமுறை அந்தத் தடையோடு உட்கார்ந்து பாருங்கள் என்று அவர்களிடம் கெஞ்சத் தோன்றுகிறது.

இதையொட்டிப் பின்னால் நான் தெரிந்துகொண்ட ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, 2017-இல் புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி குழந்தை நடிகரை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் போடப்பட வேண்டும். பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டியதைப் பற்றிய கதை என்னுடையது. அதை எடுப்பதற்காக இன்னும் முப்பது பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தால் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. விதிகளைப் படித்த பிறகு பிரதியை மறுபடி எடுத்து, பிள்ளைகள் கூட்டமாக வரும் காட்சிகளை 22-இலிருந்து 9 ஆக்கினேன். மற்ற இடங்களில் அவர்களுடைய தூக்குச்சட்டிகளின் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

இடைவேளையைப் பற்றியும் அண்ணனிடம்தான் கற்றேன். என் பிரதியில் ஆலையில் தீப்பிடிக்கும் இடத்தில் இடைவேளை. பெரிய சம்பவம் அல்லவா? அண்ணன் கேட்டார்: "வெளியே போய் வரிசையில் நிற்கிறவர் பக்கத்தில் நிற்கிறவரிடம் என்ன பேசுவார்?" பாவம் என்பார், வேறென்ன பேசுவார். தீ அணைந்தால் அவருடைய கேள்வியும் அணைந்துவிடுகிறது. பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது இடைவேளை வேறு இடத்தில் வருகிறது. மகள் ஏற வேண்டிய முதல் நாள். பஸ் ஊருக்குள் வருகிறது. தாய்மார்கள் பிள்ளைகளை எழுப்பிக் காத்திருக்கிறார்கள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. ஊரைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறான். அவன் எங்கே போகிறான், ஆலையில் என்ன சொல்வான், வீட்டுக்கு எப்படித் திரும்புவான் என்று மூன்று கேள்விகளோடு பார்வையாளர் வெளியே போகலாம்.

மூன்றாமவர் ஒரு படத்தொகுப்பாளர். எனக்கு அக்கா. 2013-இல் ஒரு படத்தின் தொகுப்பு வேலைக்கு உதவி இயக்குநராக அவருடைய அறையில் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தேன். அவர் எதையும் பாடமாகச் சொன்னதில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆள் கதவைத் திறந்து உள்ளே வருவது, உட்கார்வது, தண்ணீர் குடிப்பது, நலம் விசாரிப்பது எல்லாம் போய்க்கொண்டே இருந்தன. காட்சியின் முடிவில் ஒருவர் சொல்லும் பொன்மொழி கட்டாயமாகப் போனது. அந்தப் படத்தில் நான் எழுதி, இயக்குநரிடம் மன்றாடிச் சேர்க்க வைத்த காட்சி ஒன்று இருந்தது. அக்கா அதை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் ஒட்டிப் போட்டுக் காட்டினார். அந்தக் காட்சி இருந்த தடமே தெரியவில்லை. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாலையில் அக்கா, "உன் சொந்தப் பிரதியைக் கொண்டு வா. ஒவ்வொரு காட்சியிலும் முதல் மூன்று வரி, கடைசி மூன்று வரியைப் பென்சிலால் அடி. ரப்பர் வைத்துக்கொள், தேவையானதை மட்டும் மீட்டுக்கொள்" என்றார். 68 காட்சிகளில் மீட்க வேண்டியிருந்தது 15 காட்சிகளில் மட்டும். 128 பக்கம் 109 ஆனது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் பத்தொன்பது நிமிடம். இதை யார் வேண்டுமானாலும் இன்றிரவே தங்கள் பிரதியில் செய்து பார்க்கலாம், ஆசான் தேவையில்லை.

மூவரும் ஒத்துப்போனார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆலைத் தீயைப் பற்றி மூன்று பேருக்கும் மூன்று கருத்து. பெரியவர் அதை முழுக்க எடுத்துவிடச் சொன்னார். அண்ணன் அதைப் பெரிதாக்கச் சொன்னார். அக்கா அதைக் கதையின் முதல் பத்து நிமிடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். எவர் பேச்சைக் கேட்பது என்று பல மாதம் குழம்பினேன். பிறகுதான் புரிந்தது, மூவரும் விரல் வைத்தது ஒரே இடத்தில். நோய் அங்கே இருப்பது உறுதி. மருந்தை நானே தேட வேண்டும், ஏனென்றால் அந்த ஊரையும் அந்த பஸ்ஸையும் அம்மாவின் விரல்களையும் அவர்கள் பார்த்ததில்லை. இப்போது தீ திரையில் வருவதில்லை. ஒரு காலை பஸ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வருகிறது, இரண்டு இருக்கைகள் காலி. ஆசானின் சொல்லை அப்படியே நிறைவேற்றுவது மரியாதை என்று நினைத்து நல்ல கதையைச் சிதைத்துக்கொண்டவர்களை நான் அறிவேன்.

எல்லா அனுபவமும் இப்படி இல்லை. ஒருவர் ஏழு மாதம் எழுதி வாங்கிக்கொண்டு, பெயரும் போடாமல் பணமும் கொடுக்காமல் விட்டார். ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் சொன்ன வேறொரு கதையின் நடுப்பகுதி, பின்னால் எங்கோ எனக்குத் தெரியாமல் பயன்பட்டிருந்தது. கேட்கப் போனேன். கையில் ஒரு தாள்கூட இல்லை. வாயால் சொல்வதைப் பற்றி இவ்வளவு எழுதிய நான் இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வெளியாரிடம் சொல்வதற்கு முன்னால் முழுதாக எழுதிப் பதிவு செய்யுங்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஒரு நாடகத்திலிருந்து படம் எடுக்கப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட அந்த வழக்கில், கருவுக்கோ கருத்துக்கோ காப்புரிமை கிடையாது, அது சொல்லப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு பஸ் ஓட்டுநரின் மகளுக்கு எட்டு வயது ஆகிறது என்பது கரு. அதை எவரும் எடுத்துக்கொள்ளலாம். கவிழ்த்து வைத்த சின்னத் தூக்குச்சட்டியும் அடிக்காத ஹாரனும் வரிசையோடு தாளில் இருந்தால்தான் அது என்னுடையது. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிப் பதிவு செய்யலாம், மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்திலும் பதிவு செய்யலாம். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகளுக்கு உரிமை கொடுக்கிறீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அது ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். என் ஆசான்களில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அவர்களும் இழந்தார்கள், அதைப் பேசுவது கௌரவக் குறைவு என்று நினைத்தார்கள்.

கதைக்கு இப்போது ஒரு தயாரிப்பாளர் கிடைத்திருக்கிறார், சிறு முன்பணம் வந்திருக்கிறது. படப்பிடிப்பு வரும் ஆண்டு. முன்பணம் வந்த மறுநாள் சாலிகிராமம் போனேன். பெரியவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது காதுதான் சிரமம். பக்கத்தில் நகர்ந்து உட்காரச் சொன்னார். அம்மா அதே டவரா டம்ளரில் காபி கொண்டுவந்து அதே ஸ்டூலில் வைத்தார். நான் தாளை எடுக்கவில்லை. அவருடைய வலக்கையைப் பார்த்துக்கொண்டே முதல் காட்சியிலிருந்து சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.

ஹாரன் அடிக்காத இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை மடியில் இருந்தது. இடைவேளை தாண்டிச் சொல்லிக்கொண்டே போனேன். ஓட்டுநர் ஆலை முதலாளியின் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் 41-ஆம் காட்சியில் கை மெல்ல நகர்ந்து டம்ளரைத் தேடியது.

கதையை முடித்துவிட்டுக் கேட்டேன்: "41 தானே ஐயா?"

"அவன் அங்கே எதற்காகக் காத்திருக்கிறான்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துவிட்டு நாளைக் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன்.